படம் ஒட்டியாயிற்று, வண்டி எப்போது ஓடும்?

கேள்வி: மழலையர் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. என் வகுப்பில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 22 பேர். இந்த இரண்டு வாரத்துக்கு 'போக்குவரத்து' பாடம். நிலம், நீர், ஆகாயம் என்று மூன்று சார்ட் தயாரித்து ஒட்டினேன். முதல் நாளே எல்லாப் பெயரையும் ஒப்பித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சார்ட் பக்கம் போனாலே கொட்டாவி. பொம்மை வண்டிகளைக் கொடுத்தால் சண்டை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு வைத்தால் எல்லோருக்கும் டிரைவர் ஆக வேண்டும். ஒரு பையன் மட்டும் தரையில் படுத்துக்கொண்டு ஒரே காரின் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவனைப் பற்றிக் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. சாலைப் பாதுகாப்பும் சொல்லித்தர வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. பெற்றோர்களோ, "நோட்டில் ஒன்றும் எழுதக் காணோமே" என்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் வகுப்பிலேயே செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்களேன்.

பதில்: உங்கள் சார்ட்டில் ஒரு குறையும் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையை முதல் நாளே செய்து முடித்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வயதில் வண்டிப் பெயர் தெரியாத குழந்தையைப் பார்ப்பது அரிது. மண் அள்ளும் இயந்திரத்துக்கும் மண் தள்ளும் இயந்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைத் திருத்திய நான்கு வயதுக்காரர்கள் நிறையப் பேர். தெரிந்த பெயரையே திரும்பக் கேட்டால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்?

அவர்களுக்குத் தெரியாதது வேறு. சக்கரம் ஏன் வட்டமாக இருக்கிறது, இரும்புக் கப்பல் ஏன் முழுகவில்லை, ரயிலுக்கு ஸ்டியரிங்கே இல்லையே, அது எப்படி வளைந்து போகிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கையால் செய்து பார்க்கும் விடை இருக்கிறது. ஆகவே "இது என்ன வண்டி?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இந்தச் சாமானை அந்த மூலைக்கு எப்படிக் கொண்டு போகலாம்?" என்று கேளுங்கள். நான் எந்த வகுப்பில் போக்குவரத்துப் பாடம் தொடங்கினாலும் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குவேன். வண்டி என்பது ஒரு சிக்கலுக்கு யாரோ கண்டுபிடித்த விடை. சிக்கலைக் காட்டாமல் விடையை மட்டும் படமாக ஒட்டினால் அதில் குழந்தைக்கு என்ன வேலை இருக்கிறது?

முதல் நாள் செய்ய வேண்டியது இது. வகுப்பின் ஒரு மூலையில் மரக்கட்டைகள் நாற்பது, ஐம்பது குவித்து வையுங்கள். எதிர் மூலையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுங்கள். "இதெல்லாம் அங்கே போகணும், எப்படி?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொள்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. முதலில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நடுவில் முட்டிக்கொள்வார்கள். ஓடட்டும். ஆறு பேர் கொண்ட குழுவாகப் பிரித்துச் செய்தால் மோதல் குறையும். மற்றவர்கள் கைதட்டி எண்ணலாம், அதுதான் நம் கடிகாரம். கையால் கொண்டு போக எத்தனை தட்டு ஆனது என்று பலகையில் கோடு போட்டு வையுங்கள்.

அடுத்த சுற்றுக்கு ஒரு பழைய துணி விரிப்பைக் கொடுங்கள். கட்டைகளை அதில் கொட்டி இழுப்பார்கள். அதற்கடுத்து ஓர் அட்டைப்பெட்டியும் கயிறும். பெட்டி நிறைய கட்டையைப் போட்டதும் அது தரையை விட்டு நகராது. அப்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒருத்தி கயிற்றை இழுப்பாள், இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளுவான், மூன்றாமவன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு "போ, போ" என்பான். அந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், பத்துப் பன்னிரண்டு உருண்டையான பென்சில்களைப் பக்கத்தில் வையுங்கள். அறுகோணப் பென்சில் வேண்டாம், அது உருள மறுக்கும். பழைய கெட்டி அட்டைக் குழாய்கள் இருந்தால் இன்னும் நல்லது. யாராவது ஒருவர் அதைப் பெட்டிக்கடியில் செருகிப் பார்ப்பார். யாரும் செருகவில்லை என்றால் நீங்கள் ஒன்றே ஒன்றைச் செருகலாம், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

பெட்டி சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு முழம் போனதும் நின்றுவிடும், ஏனென்றால் பின்னால் இருந்த பென்சில் வெளியே வந்துவிட்டது. இங்கேதான் பாடம். பின்னால் வந்த பென்சிலை எடுத்துக்கொண்டு ஓடி முன்னால் போட ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாமல் பெட்டி நகராது. ஐந்து நிமிடம் முன்பு பொம்மைக் காருக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் "போடு, போடு, சீக்கிரம் போடு" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். எடுத்து எடுத்துப் போட்டு அலுத்த பிறகு, "இந்தக் குச்சி பெட்டி கூடவே வந்தால் எப்படி இருக்கும்?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். உருளையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உலகில் சக்கர வண்டிக்கு நம் கையில் இருக்கும் பழைய சான்றுகள் 5000 வருடத்துக்கு மேற்பட்டவை. மனிதர்கள் அதற்கு வெகு முன்பே படகு கட்டியிருந்தார்கள். சக்கரம் செய்வது அவ்வளவு சுலபமான யோசனை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் பிள்ளைகள் அரைமணியில் அதன் வாசலுக்கு வந்துவிடுவார்கள், பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் வண்டி செய்யலாம். சின்ன அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, ஸ்ட்ரா, மெல்லிய குச்சி, டேப். மூடியில் ஓட்டை போடுவதும் குச்சியின் கூர்முனையை வெட்டுவதும் உங்கள் வேலை, முதல் நாள் மாலையே முடித்து வைத்துவிடுங்கள். செய்முறை காட்டாதீர்கள். பாதிப் பேர் நான்கு மூடியையும் பசை போட்டுப் பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் கார். தள்ளினால் ஓடாது, தரையில் தேய்ந்து இழுபடும். ஒட்டிய குழந்தை ஒன்றும் புரியாமல் வண்டியைத் தூக்கிக் கீழ்ப்பக்கம் பார்க்கும், ஒரு மூடியை விரலால் திருகிப் பார்க்கும். அந்த நொடியில் நாம் போய் "இப்படிச் செய்யக்கூடாது கண்ணா" என்று சரி செய்து கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு. பதிலாக ஒரு நிஜப் பொம்மைக் காரைக் கவிழ்த்து அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு கம்பி போவதை அதுவே கண்டுபிடிக்கும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஸ்ட்ராவைப் பெட்டியின் அடியில் டேப்பால் ஒட்டி, அதற்குள் குச்சியை நுழைத்து, இரு முனையிலும் மூடியைச் செருகினால் குச்சியும் சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஸ்ட்ராவைக் கோணலாக ஒட்டினால் வண்டி வட்டமடிக்கும். அதையும் திருத்த வேண்டாம், வட்டமடிக்கும் வண்டிக்குத்தான் வகுப்பில் கிராக்கி அதிகமாக இருக்கும்.

நீங்கள் கவலைப்படும் அந்தப் பையனுக்கு இந்த நாளில்தான் வேலை. வண்டிகள் மேல் கட்டுக்கடங்காத ஆசை இந்த வயதில் மிகச் சாதாரணம். தரையில் கன்னத்தை வைத்துச் சக்கரத்தைப் பார்க்கும் குழந்தை பெரும்பாலும் நாம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. யார் வண்டி ஓடவில்லையோ அவர்கள் எல்லோரும் அவனிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். அவன் நிமிர்ந்து பார்க்கிறானா, அடுத்தவர் வண்டியைத் தொடுகிறானா, தான் கண்டுபிடித்ததை உங்களிடம் காட்ட ஓடி வருகிறானா என்று கவனியுங்கள். வந்தால் நிம்மதியாக இருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, எதையும் சுட்டிக் காட்டுவதில்லை, பேச்சு வயதுக்கேற்ப வரவில்லை, விளையாட்டை நிறுத்தினால் தாங்க முடியாமல் துவண்டு போகிறான் என்று பல அடையாளங்கள் சேர்ந்து, வாரக்கணக்கில் தென்பட்டால் மட்டும் பெற்றோரிடம் தனியாக, நிதானமாகச் சொல்லுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பெயர் சூட்டாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம் என்பதோடு நம் பங்கு முடிகிறது. சக்கரம் உருட்டுவதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வண்டி ஓட ஆரம்பித்ததும் சரிவுப் பலகை. ஒரு பலகையின் ஒரு முனையை நாலு புத்தகத்தின் மேல் வைத்தால் போதும். ஒருநாள் வெறும் பலகை, மறுநாள் மேலே துண்டு விரித்தது, அப்புறம் உப்புத்தாள். எது எவ்வளவு தூரம் ஓடியது என்று நூலால் அளந்து, அந்த நூலையே வெட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். எண் தெரியாத குழந்தைக்கும் எந்த நூல் நீளம் என்று தெரியும். ஒரே சமயத்தில் புத்தகத்தையும் கூட்டி, துண்டையும் மாற்றாதீர்கள். அப்புறம் எதனால் வித்தியாசம் வந்தது என்று நமக்கே தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சாலைப் பாதுகாப்புக்கு இது நேரடியாகத் தேவைப்படும். 1928-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஐன்ஸ்டீன், குழந்தை மனத்தில் நேரமும் வேகமும் எப்படி உருவாகின்றன என்று, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் கேட்டார். அந்தக் கேள்வியைப் பியாஜே பல வருடம் பின்தொடர்ந்தார். அவர் செய்த சோதனைகளில் ஒன்றை நீங்கள் வகுப்பிலேயே செய்யலாம். அட்டையைச் சுருட்டி இரண்டு சுரங்கம் செய்யுங்கள், ஒன்று குட்டை, ஒன்று அதைப்போல் இரண்டு பங்கு நீளம். இரண்டு பொம்மைகளைக் குச்சியில் கட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் நுழைந்து ஒரே நேரத்தில் வெளியே வருமாறு தள்ளுங்கள். "எது வேகமாகப் போச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டும் சமம் என்பார்கள். ஒரு சுரங்கம் நீளம் என்று அவர்களே சற்றுமுன் சொல்லியிருப்பார்கள், இருந்தும் சமம்தான். சேர்ந்து வந்தால் சமம், முன்னால் நின்றால் வேகம். இந்த வயதுக் குழந்தை வேகத்தை இடத்தை வைத்தே கணிக்கிறது. தப்பு என்று விளக்கிப் பயனில்லை. வளரும்போது தானாக மாறும்.

சரி, இப்போது சாலைக்கு வருவோம். வேகத்தை இடத்தை வைத்துக் கணிக்கும் குழந்தை தெருவோரம் நின்றால் என்ன ஆகும்? "கார் ரொம்ப தூரத்தில் இருக்கு, போகலாம்" என்று நினைக்கும். அந்தக் கார் எவ்வளவு விரைவாக வருகிறது என்பது அதன் கணக்கில் வராது. அதோடு அதன் உயரம் நம் இடுப்பளவு. நிறுத்தி வைத்த வண்டிக்குப் பின்னால் நின்றால் அதற்கும் சாலை தெரியாது, ஓட்டுநருக்கும் அது தெரியாது. பந்து உருண்டால் பின்னாலேயே ஓடும். எனவே வகுப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் ஒட்டி, பாட்டு பாடி, "இனிமேல் உங்களுக்கு ரோடு கடக்கத் தெரியும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அதைவிட ஆபத்தான பாராட்டு வேறில்லை. நான்கு, ஐந்து வயதில் கற்க வேண்டியது ஒன்றுதான். சாலை ஓரம் வந்ததும் நின்று, பெரியவர் கையைப் பிடிக்க வேண்டும். பார்ப்பதையும் கேட்பதையும் பெரியவரோடு சேர்ந்து பழகலாம். தீர்மானிப்பது பெரியவர். பெற்றோருக்கும் இதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள், அவர்களில் பலர் குழந்தையின் அறிவைப் பார்த்துத் தெருவில் தைரியமாக விட்டுவிடுகிறார்கள்.

வகுப்பில் பழக்க வேண்டியது நிற்பதைத்தான். தரையில் டேப்பால் சாலையும் ஓரமும் வரையுங்கள். இசைக்கு எல்லோரும் நடக்கட்டும், சிவப்பு அட்டை தூக்கினால் சிலை. இது நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் விதியைத் தலைகீழாக்குங்கள்: பச்சைக்கு நிற்க வேண்டும், சிவப்புக்கு நடக்க வேண்டும். சிரிப்பு தாங்காது. கால் எழும்பியதும் அடக்கி நிறுத்தும் அந்தப் பயிற்சிதான் பின்னால் தெருவோரத்தில் உதவும். தலைகீழ் ஆட்டத்தை முடித்ததும் சரியான விதியிலும் இரண்டு சுற்று ஆடிவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள். உங்களுக்காக ஒரு துணுக்கு: உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868-ல் லண்டனில் பாராளுமன்றத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. கேஸில் எரிந்தது, ஒரு போலீஸ்காரர் கையால் இயக்கினார். சில வாரத்தில் வெடித்து அவருக்குக் காயம். குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம், ஆசிரியர் அறையில் சொல்லலாம்.

தண்ணீர்ப் பாடம் எல்லோருக்கும் பிடிக்கும், துடைக்கும் ஆயாவைத் தவிர. முதல் முறை நான் இதைச் செய்தபோது சாதாரணக் களிமண்ணைக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் தொட்டி முழுக்கச் சேறு. எது மிதக்கிறது எது முழுகியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். தண்ணீரில் கரையாத பிளாஸ்டிசின் களிமண் வாங்குங்கள். முதலில் உருண்டை செய்து போடச் சொல்லுங்கள். டொப்பென்று அடியில் போய் உட்காரும். அதே உருண்டையைத் தட்டிக் கிண்ணம் மாதிரி செய்து மெதுவாக வைத்தால் மிதக்கும். அதே களிமண், ஒரு துளி கூடவோ குறையவோ இல்லை என்பதைக் குழந்தையே தன் கையால் செய்ததால் நம்பும். கிண்ணம் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது, ஒதுங்கிய தண்ணீர் அதைத் தாங்குகிறது, அவ்வளவு விளக்கம் போதும். இரும்புக் கப்பலும் இதுதான். பிறகு கோலிகளை ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஒரே பக்கம் குவித்தால் ஐந்தாவது கோலியிலேயே கவிழலாம், பரப்பி வைத்தால் இன்னும் நிறையத் தாங்கும். சரக்கை எங்கே வைப்பது என்பது கப்பல்காரர்கள் இன்றும் கணக்குப் போடும் விஷயம். கோலியை வாயில் போடும் குழந்தை இருந்தால் பெரிய பொத்தானோ மரக்கட்டையோ வையுங்கள். தொட்டித் தண்ணீர் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் அதைவிட்டு நகரவும் கூடாது, முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள்.

இதன்பிறகு உங்கள் மூன்று சார்ட்டுக்கும் மறுபடி உயிர் வரும். படங்களைப் பிரித்தெடுத்துக் குழந்தைகளிடமே கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள், நடுவில் சில வம்புப் படங்களைச் சேர்த்துவிடுங்கள். படகைச் சுமந்து போகும் லாரி எந்தப் பக்கம்? கார்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் கப்பல்? தண்ணீரில் இறங்கி ஓடும் விமானம்? ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று நம் பழமொழியே இருக்கிறதே. விண்கலம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். நாலாவது சார்ட் ஒட்ட வேண்டியதுதான். யாருடைய விடை சரி என்பதைவிட, ஏன் அங்கே வைத்தாய் என்பதற்கு ஒரு காரணம் சொன்னால் போதும்.

ரயிலுக்கு ஒரு வித்தை இருக்கிறது, நான் செய்யாமல் விட்டதே இல்லை. இரண்டு காகிதக் கப்களை வாயோடு வாய் வைத்து டேப்பால் ஒட்டுங்கள், நடுவில் பருத்தும் ஓரங்களில் சிறுத்தும் இருக்கும். இன்னும் இரண்டை அடியோடு அடி ஒட்டுங்கள், இது நடுவில் சிறுத்தது. இரண்டு நீளக் குச்சிகளை இணையாகச் சாய்த்து வைத்துத் தண்டவாளம் ஆக்கி உருட்டுங்கள். முதலாவது ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நடுவுக்குத் திரும்பி ஆடி ஆடி ஓடும். இரண்டாவது எப்படி விட்டாலும் இறங்கிவிடும். நிஜ ரயில் சக்கரமும் இப்படித்தான், உள்பக்கம் சற்றுப் பருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் இருக்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் தன் பருத்த பகுதியில் ஓடும். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போய் வண்டியை நடுவுக்குத் திருப்பும். சக்கரத்தின் உள்விளிம்பில் இருக்கும் தடுப்பு கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. இந்தக் காரணமெல்லாம் உங்களுக்கு. குழந்தைகளுக்கு "எது விழுது, எது விழல?" என்பதே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

ஆகாயத்துக்கு அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். காகித விமானம் மடிக்க ஐந்து வயதுக் கைக்கு வராது, நீங்களே 22 மடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். இரண்டு கதை சொல்லுங்கள். 1783-ல் பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் வெப்பக்காற்றுப் பலூனில் முதலில் மனிதரை ஏற்றவில்லை. ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். ஏன் வாத்து, அதுதான் தானே பறக்குமே என்று கேட்டுப் பாருங்கள், வரும் விடைகளை எழுதி வையுங்கள். மூன்றும் பத்திரமாக இறங்கின. இன்னொன்று ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய முதல் பறப்பு 12 வினாடி, சுமார் 37 மீட்டர். மைதானத்தில் 37 மீட்டரை அளந்து கோடு போட்டு, பன்னிரண்டு எண்ணுவதற்குள் கைகளை விரித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் விமானத்தை ஜெயித்துவிடுவார்கள். போயிங் 747-400 விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 64 மீட்டருக்கு மேல், அதாவது அந்த முதல் பறப்பு அந்த அகலத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடும். இதைக் கேட்டால் பெரியவர்களும் கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

டிரைவர் சண்டைக்கு வருகிறேன். உங்கள் நாற்காலி பஸ்ஸில் டிரைவருக்கு மட்டும்தான் ஏதோ வேலை இருக்கிறது. மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டும். யார் சம்மதிப்பார்கள்? பயணிகளுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் கையில் தூக்க முடியாத மூட்டை, ஒருவர் மடியில் தூங்கும் பொம்மைக் குழந்தை. இன்னொருவர் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார், அவர் எப்படி ஏறுவது? இந்தக் கடைசிக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன் ஒருமுறை. ஐந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு முந்தின நாள் கார் உருட்டிய சரிவுப் பலகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர், வழியில் பஞ்சர் ஒட்டுபவர், பாலத்தைத் திறந்து மூடுபவர் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். டிரைவர் இடம் தானாகக் காலியாகும். இறங்கும் இடம் வந்ததும் அடுத்தவர் டிரைவர் என்ற விதியையும் அவர்களே போடட்டும். குழந்தை தானே சம்மதித்த விதிக்கு விளையாட்டில் கட்டுப்படும் அளவுக்கு வேறெங்கும் கட்டுப்படாது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதைத்தான் அழுத்திச் சொன்னார், நாம் தினமும் பார்ப்பதும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் வீட்டில் என்ன வண்டி இருக்கிறது?" என்று மட்டும் வட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். நாலாவது குழந்தைக்குள் அது அந்தஸ்துப் போட்டி ஆகிவிடும், இல்லாத குழந்தை இருப்பதாகச் சொல்ல ஆரம்பிக்கும். "இன்றைக்கு எப்படி வந்தாய், வழியில் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். நடந்து வந்த குழந்தைக்குத்தான் சொல்ல அதிகம் இருக்கும். நடையும் போக்குவரத்துதான் என்பதை உங்கள் சார்ட்டில் காணோம், சேர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு கட்டையை அவரவர் வந்த விதத்துக்கு நேராக அடுக்கினால் வகுப்பின் முதல் வரைபடம் தயார். பஸ் நிறுத்தம் வரை நடந்து, அப்புறம் பஸ்ஸில் வந்தவர் கட்டையை எங்கே வைப்பார் என்பதையும் அவர்களே பேசித் தீர்க்கட்டும்.

இவ்வளவையும் பத்து நாளில் செய்ய வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கைந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று நாள் ஒரே மூலையில் கிடக்கட்டும். முதல் நாள் வேடிக்கை, இரண்டாம் நாள்தான் யோசனை வரும். இதில் எதைச் செய்தாலும் வினைச்சொற்களை வாயில் போட்டுக்கொண்டே இருங்கள்: உருளுது, வழுக்குது, இழுபடுது, மிதக்குது, சாயுது, கவிழுது, முட்டுது. வண்டிப் பெயர் ஐம்பது தெரிந்த குழந்தைக்கும் இந்தச் சொற்களில் பாதி வராது.

பெற்றோர் கேட்கும் நோட்டுக்கு வழி இருக்கிறது. குழந்தை செய்த வண்டியை அதையே வரையச் சொல்லுங்கள், கீழே அது சொன்னதைச் சொன்னபடியே நீங்கள் எழுதுங்கள். திருத்தி இலக்கணமாக்க வேண்டாம். என்னிடம் இன்னும் இருக்கும் ஒரு தாளில் இப்படி எழுதியிருக்கிறது: "முதல்ல பசை போட்டு ஒட்டினேன். சுத்தல. குச்சி போட்டேன். சுத்துச்சு. ஆனா நேரா போகல." அதை வாங்கிப் படித்த அம்மா அதற்குப் பிறகு எழுத்து நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. வாரத்துக்கு இப்படி ஒரு தாள் வீட்டுக்குப் போனால் போதும்.

அந்த அட்டை வண்டிகளைப் பாடம் முடிந்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பெட்டியில் கட்டி மேலே வையுங்கள். ஒரு மாதம் கழித்து, வகுப்பு எதிலும் ஒட்டாத ஒரு நாளில் இறக்கிக் கொடுங்கள். பாதிச் சக்கரம் கழன்றிருக்கும், ஸ்ட்ரா நசுங்கியிருக்கும். பக்கத்தில் டேப் மட்டும் இருக்கட்டும்.